நம்பர் இன்னும் வரலை

எதிர் வீட்டு நர்சம்மாவைப் பார்த்தாலே இப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நைட் டியூட்டி முடிச்சு வந்தவங்க பேசாமல் தூங்க வேண்டியதுதானே? தினமும் சரியா ஒரு மணிக்கு, மண்டையைப் பிளக்கிற வெயில்ல, போன்ல ஏதாவது ஆர்டர் போடுவாங்க. நேத்து ஒரு சோப்பு. இன்னிக்கு ஒத்தை பேனா.

'பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் வெளியே தலைகாட்டாதீங்க'ன்னு எல்லார் போனுக்கும் எச்சரிக்கை வருது. அந்த வெயில்ல பைக் ஓட்டி, மூணு மாடி ஏறி வர்றவர் மனுஷன் இல்லையா?

அதோட விட்டாங்களா? ஆர்டர் போட்டவங்க போனுக்கு நாலே நாலு இலக்க நம்பர் வரும். அதைச் சொன்னால் டெலிவரிக்காரர் பொருளைக் கொடுத்துட்டுக் கிளம்பிடலாம். அதைச் சொல்ல இருபது நிமிஷம்!

இன்னிக்கும் அதே கூத்து. வந்தவருக்கு என் வயசு இருக்கும். சட்டை முதுகோட ஒட்டிக் கிடந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

"நம்பர் சொல்லுங்கம்மா."

"இன்னும் வரலியே அண்ணே. உள்ளே வந்து உட்காருங்க."

"அடுத்த ஆர்டர் இருக்கும்மா..."

"வராத நம்பரை நான் எப்படிச் சொல்றது? வாங்க, வாங்க."

பாவம், உள்ளே போனார். கதவைச் சாத்திட்டாங்க. இருபது நிமிஷம் கழிச்சுத்தான் வெளியே விட்டாங்க.

அவர் படி இறங்கினதும் நேரா போய்க் கேட்டுட்டேன்.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? என் வீட்டுக்கு வந்தால் வாசல்லயே நம்பரைச் சொல்லி அனுப்பிடுவேன். ஒருத்தரையும் ஒரு நிமிஷம் நிக்க வெச்சதில்லை!"

நர்சம்மா கோவிச்சுக்கலை. என்னையும் உள்ளே கூப்பிட்டாங்க. ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி. அதுல ஈரத்துண்டு. பக்கத்துல காலி தண்ணி ஜக்கு. மேஜை மேல அவங்க போன். அதுல அந்த நாலு இலக்க நம்பர். நேரத்தைப் பார்த்தால், அவர் வர்றதுக்கு முன்னாடியே வந்திருந்தது!

"வந்திருக்கே!"

"வந்துடுச்சு சார். டெலிவரிக்காரங்க அவங்களா எங்கேயாவது உட்கார்ந்தால் லேட்டுன்னு கம்பெனி கேள்வி கேட்கும். கஸ்டமர் நம்பர் சொல்லலைன்னா அவங்க மேல தப்பு வராது. இந்த வாரம் எங்க வார்டுக்கு வெயில்ல சுருண்டு விழுந்த நாலு பேரைத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேர் இதே கம்பெனி சட்டை. ஒருத்தரை எங்களால காப்பாத்த முடியலை."

எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனாலும் விடலை.

"அப்படின்னா ஆர்டரே போடாமல் இருக்கலாமே?"

"நான் கூப்பிடலைன்னா வேற யாராவது கூப்பிடுவாங்க சார். அவங்க வாசல்லயே நம்பரைச் சொல்லி அனுப்பிடுவாங்க."

மறுநாள் ஒரு மணிக்கு என் வீட்டு பெல் அடிச்சது. அதே ஆள். மூச்சு வாங்கிக்கிட்டு நின்னார். கையில நான் ஆர்டர் போட்ட ஒரே ஒரு சோப்பு.

"நம்பர் சொல்லுங்க சார்."

நம்பர் என் போன்ல பளிச்சுனு தெரிஞ்சது. போனைக் கவுத்து வெச்சுட்டுச் சொன்னேன்:

"இன்னும் வரலியே அண்ணே. உள்ளே வந்து உட்காருங்க."