பிலோமி கையில் அருளப்பனின் நாடி

அரசு கொடுத்த கைப்பட்டை மீனவனின் நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நெஞ்சு தடுமாறினால் ஹெலிகாப்டர் வரும். ஆனால் கடல் எல்லையைத் தாண்டினால் ரோந்துப் படைக்குக் காட்டிக்கொடுப்பதும் அதே பட்டைதான். மீனோ எல்லைக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கிறது. அதனால் எங்கள் ஊர் ஆண்கள் பட்டையைப் பெண்டாட்டி கையில் மாட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள்.

அன்று அருளப்பன் நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டதாகப் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அவன் மனைவி பிலோமி அவசர எண்ணுக்குப் போன் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் நாடி நல்லாத்தானே இருக்கு? வீட்லதான இருக்காரு?"

"அது என் நாடி சார். அவரு கடல்ல கெடக்காரு."

"கருவி அப்படிச் சொல்லலியேம்மா."

பிலோமி மீன் வெட்டும் கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்தாள். அருளப்பன் நாடி நின்றுவிட்டதென்று ஹெலிகாப்டர் பறந்து வந்து கடற்கரையில் இறங்கியது.

"நோயாளி எங்கம்மா?" என்றார் டாக்டர்.

அவள் கடலைக் காட்டினாள்.

"எல்லைக்கு அங்கிட்டா? அங்க போக எங்களுக்கு அனுமதி இல்ல. ரோந்துப் படகுக்குச் சொல்லிடுறோம். கைது பண்ணிக் கூட்டிட்டு வருவாங்க."

"அதையாவது வெரசாப் பண்ணச் சொல்லுங்கய்யா," என்றாள் பிலோமி. "உசுரு இருந்தாத்தான் கைது பண்ண முடியும்."