ஒன்பதாம் பக்கத்துத் தையல்சிட்டு

ஒரு தையல்சிட்டு இலைகளைத் தைத்துப் பறவைகளுக்குக் கூடு செய்து தந்தது. அதற்காக ஒரு வலைத்தளமும் வைத்திருந்தது. ஆனால் காட்டில் யார் இணையத்தில் கூடு தேடினாலும் அதன் தளம் ஒன்பதாம் பக்கத்தில்தான் வந்தது. மழைக்காலம் நெருங்கியும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை.

"கடையை மூடிடலாம்னு இருக்கேன் அண்ணே," என்றது பக்கத்து மரத்து மரங்கொத்தியிடம்.

"அவசரப்படாதே. இலவசமாவே கருவி இருக்கு, பார்ப்போம்," என்று மரங்கொத்தி ஒன்றைத் திறந்தது. பறவைகள் எதைத் தட்டித் தேடுகின்றன என்று அது காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது 'ஒழுகாத கூடு'.

"உன் தளத்துல என்ன எழுதியிருக்கே?"

"கலைநயம் ததும்பும் ஒப்பற்ற உறைவிடம்," என்று பெருமையாகப் படித்தது சிட்டு. பிறகு அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. "கூடுங்கிற வார்த்தையே இல்லையே அண்ணே!"

மூன்று நாள் யோசித்து எழுதிய வரி அது. மனசு வலிக்க அழித்துவிட்டு, 'ஒழுகாத கூடு, இரண்டே நாளில்' என்று எழுதியது.

பத்தாம் நாள் ஒரு கொண்டைக்குருவி பறந்து வந்தது. "முதல் பக்கத்துலயே உங்க பேரைப் பார்த்தேன். முட்டையிடப் போறேன், பழைய கூடு நனைஞ்சு போச்சு. நிஜமாவே ஒழுகாதா?"

"ஒழுகினா என்னைக் கேளுங்க!"

கூடு தயாரான அன்றே மழை கொட்டியது. "ஒரு சொட்டுகூட விழலை!" என்று கொண்டைக்குருவி உள்ளிருந்து கத்தியது. வெளியே தொப்பலாக நனைந்தபடி தையல்சிட்டு அடுத்த இலையை எடுத்தது.