லேமினேட் செய்த புகார்

கிளீட்டஸின் அம்மா சாவதற்கு முந்தைய நாள் மகனுக்காகப் பேசிவைத்த பதினோரு நிமிட வீடியோவை அழித்தது நான்தான். வைரஸ் என்று சொல்லி அவன் மனைவி ரெஜிஷா கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே டிஸ்கை முழுசாகத் துடைத்து, பழைய சிஸ்டத்துக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

புதுக்கடையில் என் சர்வீஸ் கடைக்குள் நுழைந்த எந்தக் கம்ப்யூட்டரும் பழைய மதத்தோடு வெளியே போனதில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஞானஸ்நானம் கொடுத்து அனுப்புவதில் எனக்கு அப்படியொரு வெறி.

மறுநாள் வந்து நின்றாள்.

"அண்ணா, மாமிக்க வீடியோவக் காணல்ல."

கிளீட்டஸ் கத்தாரில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். அம்மாவின் சாவுக்கு வர முதலாளி விடவில்லை. பக்கத்து வீட்டு ஜெனிலாதான் வெப்கேமராவை ஓடவிட்டு, மகனிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கிழவி சொன்னதால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாளாம். நெட்டில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய ஃபைல். டிசம்பர் லீவில் வந்து பார்க்க அவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் வரும்வரை தானும் பார்ப்பதில்லை, மனசு தாங்காது என்று இருந்ததாகச் சொன்னாள் ரெஜிஷா.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, இது சிஸ்டத்தில் உள்ள பிழை, புகார் கொடுப்போம் என்று சொல்லிவிட்டேன்.

லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. பிழையைப் பார்த்தவர்கள் இணையத்தில் புகார் எழுதினால், எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சம்பளமில்லாமல் தேடித் திருத்துவார்கள். புதியவர்களுக்கு அந்தப் புகாரை எழுதச் சொல்லிக்கொடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை ஊழியம். இரண்டு வருடமாக வகுப்பு நடக்கிறது. அதில் வந்து சேர்ந்த முதல் ஆளே ரெஜிஷாதான்.

"எழுதும்போ கோவப்படப்பிடாது. என்ன செஞ்சோம், என்ன நடந்து, திரும்பச் செஞ்சா திரும்பவும் அப்படியே நடக்குதா, அவ்வளவுதான்."

"திரும்பச் செய்ய இன்னொரு மாமிக்கு நான் எங்க போவேன்?"

சிரித்துவிட்டேன். அழுகையை அடக்கத்தான் இப்படிப் பேசுகிறாள் என்று தோன்றியதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நல்ல மாணவி. நாலாவது தடவை எழுதியதில் நான் திருத்த ஒன்றுமே இல்லை. வீடியோ இருந்தது, மறுநாள் இல்லை, நான் எதையும் தொடவில்லை. கடைசி வரி வேண்டாமே என்றேன். அது கண்டிப்பாக இருக்கட்டும் என்றாள். ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன்.

பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் போட்டார். டிஸ்கில் புதிதாக எதையும் ஏற்றாமல் வைத்திருந்தால் ஃபைலை மீட்டுப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கே போனில் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், டிஸ்க் நிரம்பி வழிய சினிமாவாக ஏற்றி வைத்திருக்கிறாள். தெரியாமல் செய்துவிட்டாளாம்.

சத்தம் போட்டுத் திட்டினேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. டிஸ்கைத் தோண்டியிருந்தால் முதலில் என் கைவரிசைதானே கிடைத்திருக்கும்?

அடுத்த மாதம் வேறு யாரோ தனக்கும் ஃபைல் தொலைந்ததாகச் சொல்ல, எங்கள் புகாரின் மேல் 'உறுதி செய்யப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. கடலோரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்ததற்காக லினக்ஸ் குழுவில் என்னைப் பாராட்டி எழுதினார்கள். பிரேசில்காரப் புண்ணியவான் என் தப்பை நிரலுக்குள் வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார். ரெஜிஷா புகார் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து வாங்கிப் போனாள்.

டிசம்பரில் கிளீட்டஸ் அந்தத் தாளோடு கடைக்கு வந்தான். டிகிரி சர்டிபிகேட் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இவ்வளவு பாடுபட்டதற்கு நன்றி என்று ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை மேசையில் வைத்தான்.

"இது எப்ப சரியாவும் மக்கா?"

பிழையைத் திருத்தினால் அம்மா திரும்ப வந்து பேசுவாள் என்று நம்பியிருக்கிறான். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. அடுத்த லீவுக்குள்ள ஆனா போதும். எனக்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாளான்னு மட்டும் கேட்டாப் போதும்."

மதியம் கடையைச் சாத்தினேன். பைக்கை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கிளீட்டஸ் கல்லறைக்குப் போயிருந்தான். ரெஜிஷா வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பிழையும் இல்லை, மண்ணும் இல்லை; துடைத்தது நான்; கிளீட்டஸ் வந்ததும் அவன் காலில் விழப்போகிறேன்.

அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"அவருகிட்ட ஒண்ணும் சொல்லப்பிடாது. நீங்க தொட்டா எதுவும் மிஞ்சாதுன்னு தெரிஞ்சுதான் அண்ணா உங்ககிட்ட கொண்டு வந்தேன்."

மாமி அதில் அப்படி என்னதான் பேசினார் என்று கேட்டேன்.

ரெஜிஷா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு நாளா நான் குடிக்கத் தண்ணி தரல்லன்னு."