உபரியில் ஒரு பங்கு

கப்ஸா சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"தாமிர் சாருங்களா? உங்க கார் இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து பேசறேன். போன வருஷம் எல்லாருக்கும் நஷ்டஈடு கொடுத்தது போக உபரி மிஞ்சியிருக்கு. அதுல உங்க பங்கு நாற்பத்து மூணு ரியால். அக்கவுன்ட் நம்பர் சொன்னீங்கன்னா போட்டுடுவோம்."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மிஷாலும் ரசிக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைத் திருப்பித் தருதா? ஒட்டகம் முட்டை போட்டுச்சுன்னு சொல்லும்மா, நம்பறேன்!"

"சார், சட்டப்படி அது உங்க பணம்..."

"திருட்டுக் கும்பலுக்குச் சட்டம் வேறயா? ஜித்தாவுலேர்ந்து பேசறியா, ஜெயில்லேர்ந்து பேசறியா?"

பெருமூச்சு கேட்டது. "இன்னிக்கு என்னைத் திருடின்னு சொன்ன பதினோராவது ஆள் சார் நீங்க." போனை வைத்துவிட்டாள்.

"எப்படி விரட்டினேன் பாத்தியா?" என்றேன் பெருமையாக.

மிஷால் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீயாடா இப்படிப் பேசறே? சரி வா, நேரமாச்சு."

இருவரும் ஆபீசுக்குத் திரும்பினோம். எங்களுடையதும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பட்டியலிலிருந்த அடுத்த நம்பரைப் போட்டேன்.

"வணக்கம் சார். உங்க கார் இன்சூரன்ஸ் உபரியில உங்க பங்கு ஐம்பத்தொரு ரியால். அக்கவுன்ட் நம்பர் சொன்னீங்கன்னா..."

"வைடா போனை, திருட்டுப் பயலே!"

காலையிலிருந்து எனக்கு இவர் பதினான்காவது ஆள். அந்தப் பெண்ணைவிட மூன்று அதிகம்.