நீலப் புடவை, நெரித்த புருவம்

"என் மூஞ்சியைப் பத்தி எழுத இவளுக்கு யாருடா உரிமை கொடுத்தது?"

மாமியார் லேப்டாப்பை மகன் பக்கம் திருப்பினார்.

மகளின் கல்யாணப் போட்டோக்கள் அத்தனையும் அதில் இருந்தன. மருமகளுக்குப் பத்திரிகை ஆபீஸில் போட்டோ பிரிவில் வேலை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, இடம், ஆட்களின் பெயர் எல்லாம் பதிந்து வைத்தால், பெயரைத் தட்டினாலே படம் வந்து நிற்கும் என்று அவளே வலிய ஏற்றுக்கொண்ட வேலை இது. அதுவரைக்கும் யாருக்கும் புகார் இல்லை. 'விவரம்' என்ற கட்டத்தை மாமியார் திறந்து பார்த்ததில்தான் வினை வந்தது.

"படிடா."

மகன் படித்தான். "மணப்பெண்ணின் அம்மா. நீலப் புடவை. புருவத்தை நெரித்து, விரலை நீட்டி, சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்."

சிரிப்பை அடக்க அவன் பெரும்பாடு பட்டான்.

"அடுத்தது உங்கப்பாவைப் பத்தி."

"மணப்பெண்ணின் அப்பா. முதல் வரிசை நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார்."

மாமனார் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் போட்டோலயே தெரியுதே, இவ வேற எழுதிக் காட்டணுமா? பேரு, தேதி போட்டாப் போதாதா? சொந்தக்காரங்க எல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கவா?"

"இதுல பொய்யா ஒரு வரி காட்டுங்க அத்தை, இப்பவே அழிச்சுடறேன்," என்றாள் மருமகள், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே.

"உண்மைன்னா எழுதிடறதா? எல்லாத்தையும் அழி. இல்லேன்னா இனிமே உங்கிட்ட நான் பேசறதா இல்லை."

மாமியார் சொன்னால் செய்பவர். ஏதோ ஒரு வார்த்தைக்காகத் தன் நாத்தனாரோடு பேச்சை நிறுத்தியவர், இன்னும் தொடங்கவில்லை. விட்டுக்கொடுத்துவிடேன் என்று மகன் மனைவியிடம் கண்ணாலேயே கெஞ்சினான்.

அவள் அசரவில்லை. "எழுதச் சொன்னவங்களே வேணாம்னு சொல்லட்டும். அழிக்கிறேன்."

"எழுதச் சொன்னாங்களா? யாரு அந்த மகராசி?"

அப்போது மாமியாரின் போன் அடித்தது. அவருடைய அக்கா. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போனவர், கல்யாணத்துக்கும் வர முடியவில்லை. 'அவளுக்குப் போட்டோ அனுப்பாதீங்க, பார்க்க முடியலையேன்னு மனசு கஷ்டப்படும்' என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்ததே மாமியார்தான்.

"என்னடி, பொண்ணு கல்யாணத்தன்னைக்குமா சமையல்காரனைத் திட்டுவே?"

"உனக்கு யாருக்கா சொன்னது?"

"என் போன்தான். படத்தைத் தொட்டா, அதுல எழுதியிருக்கிறதை வாய்விட்டுப் படிக்குது. பூசி மெழுகாம உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புன்னு உன் மருமகளைக் கேட்டதே நான்தான். காலையிலேர்ந்து உன் படத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருக்கேன்."

மாமியார் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் சிரிச்சுட்டிருக்கிற படமாப் பார்த்துக் கேக்கக் கூடாதாக்கா?"

"சிரிக்கிறது யாரா வேணா இருக்கலாம். அந்தப் புருவத்தை நெரிக்கிறது நீதான்டி. கண்ணு போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் உன் மூஞ்சியப் பார்த்தேன்."