இருட்டு மூலை ஆகாது

"நடையில ரெண்டு லைட்டு, படியில ஒண்ணு, பாத்ரூம் வாசல்ல ஒண்ணு. மூலையில வெளிச்சம் இல்லன்னா வீடு விளங்காதுன்னு ஃபெங் சுயி மாஸ்டர் சொல்லிட்டார், மாமா," என்றாள் மருமகள்.

"அந்த ஆளுக்கு மூளையிலதான் வெளிச்சம் இல்ல."

"உங்க பையன் பிரமோஷன் தள்ளிப் போறதே இந்த இருட்டாலதானாம்."

மாமனார் அடங்கிப்போனார். "சரி, மாட்டித் தொலை."

மாலையில் எல்லா விளக்குகளும் எரிந்தன. மருமகள் அறைக்குள் போய்க் கிசுகிசுப்பாகப் போன் பேசினாள்.

"மாட்டியாச்சு, டாக்டர். இன்னிக்கு மாமா ஒரு இடத்திலயும் இடறல. கண்ணுல புரைன்னு சொன்னாத்தான் எகிறிக் குதிக்கிறார். ஆபரேஷனுக்கு எப்படி சம்மதிக்க வைக்கிறதுன்னே தெரியல."

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"ஏம்மா, கண்ணுதான் மங்கல், காது நல்லாவே கேக்குது. ஆபரேஷனுக்கு எந்தத் திசையில தலை வெச்சுப் படுக்கணும்னு உன் மாஸ்டரையே கேட்டுச் சொல்லு!"