மீதி இருபத்தைந்து

"என் சைக்கிள்ல ஊர் சுத்தினது யாருய்யா?" என்று அக்கா போட்ட சத்தத்தில் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. மறுநாள் விடியற்காலையில் அவளும் தங்கையும் பனிமலைப் பாதையில் மூன்று நாள் சைக்கிள் பயணம் கிளம்ப வேண்டும். அதற்காகத்தான் இரண்டு சைக்கிள்களையும் புது பிரேக் போட விட்டிருந்தாள். தூரம் காட்டும் மீட்டர்களை அவளே பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இப்போ என்னுதுல நூத்தி எண்பத்தேழு கிலோமீட்டர், இவளுதுல இருநூத்திப் பன்னிரண்டு! சக்கரமெல்லாம் சேறு. உனக்கு வெட்கமா இல்ல?"

"சத்தியமா இல்லம்மா. முந்தாநாள் பிரேக் மாட்டிட்டுக் கடையைப் பூட்டினேன், காய்ச்சல்ல படுத்துட்டேன். இப்பத்தான் திறக்கறேன். அவ்வளவு தூரம் மிதிக்கிற ஆளா நான்? இந்தத் தொந்தியைப் பாருங்க."

தங்கை சிரித்துவிட்டாள். அக்காவுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "இந்தப் பயணத்துக்கு ஒரு மாசம் உயிரைக் கொடுத்திருக்கேன், தெரியுமா?" என்று பையிலிருந்த வரைபடத்தை உருவி மேசையில் விரித்தாள். அதன் ஓரத்தில் மொத்த தூரத்தை அவளே எழுதியிருந்தாள்: 212.

தங்கையின் சிரிப்பு நின்றது.

அக்கா விரலால் பாதையைத் தொட்டுக்கொண்டே போனாள். நூற்று எண்பத்தேழாவது கிலோமீட்டரில் ஊர் இல்லை, தங்கும் விடுதியும் இல்லை. பாறை விளிம்பில் ஒரு வளைவு மட்டும் இருந்தது.

"அக்கா, நாம போக வேண்டாம்."

"நீ சும்மா இருடி. உனக்கென்ன, உன்னுது முழுசா வந்து சேர்ந்துடுச்சு" என்ற அக்கா, மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். "சொல்லுய்யா. என்னோட மீதி இருபத்தஞ்சு எங்கே?"